கேடயக்காரியின் கயிறு

அத்தை,

இன்று காலை கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தபோது போன் சிணுங்கியது. நம்ம கேமுக்கு அப்டேட் வந்திருக்கிறதாம். என்னென்ன மாறியிருக்கிறது என்று முழ நீளத்துக்கு ஒரு பட்டியல். அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? விரலால் தள்ளிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு வரியைப் பார்த்ததும் விரல் நின்றுவிட்டது. கேடயக்காரருக்குக் கயிறு திரும்பவும் கிடைக்கிறது. ரயில் வந்தது, எல்லாரும் ஏறினார்கள். தினமும் கூட வருகிறவர் வாசலில் நின்று, "இன்னா சார், வரலியா?" என்று கத்தினார். நான் ஏறவில்லை. ஆபீசுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

நம் இருவருக்கும் நேருக்கு நேர் பேச்சு என்று ஒன்று இருந்ததா அத்தை? கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னிடம் பேசியதெல்லாம் கலா வழியாகத்தான். "மாப்ள சாப்டாரா கேளு." நான் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பேன். "சாப்டாச்சுன்னு சொல்லு" என்று நானும் அவளிடமே சொல்வேன். உங்கள் மகள் தலையில் அடித்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு ஆக்கிப் போட்டு, அத்தனை பிள்ளைகளையும் ஒரே அதட்டலில் வரிசையில் உட்கார வைப்பவர் நீங்கள். என்னைக் கண்டால் மட்டும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவீர்கள். மாமியார் மருமகன் முன்னால் நிற்கக் கூடாது என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

ஊரடங்கு வந்தது. பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று உங்கள் வீட்டுக்கு வந்த நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம். சுரங்கத் தொழிலாளருக்குக் கட்டிய லைன் வீட்டின் இரண்டு அறைக்குள் மூன்று பேர், ஒளிந்துகொள்ள உங்களுக்குக் கதவு போதவில்லை. நான் பொழுதுக்கும் போனில் கேம் ஆடிக்கொண்டிருப்பேன். பின்னாலிருந்து நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஒரு மத்தியானம் அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. "ஏ கலா, அவர் கூட வர்றவன் அடி வாங்கியே சாவுறான். இவரு கண்டுக்காம அம்பு வுட்டுனுகீறாரு. இன்னான்னு கேளு!"

கலா சிரித்துக்கொண்டே தன் பழைய போனை உங்கள் கையில் கொடுத்தாள். வில்லாளி, மந்திரவாதி, வைத்தியர், கேடயக்காரர் என்று நாலு வகை ஆட்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேடயக்காரரை யாரும் தொட மாட்டார்கள். முன்னால் நின்று அடி வாங்குவதுதான் அவர் வேலை, கொன்ற பெயர் அடுத்தவருக்குப் போகும். நீங்கள் நேராக அதைத்தான் தொட்டீர்கள். "அது வேணாம்னு சொல்லு" என்றேன் கலாவிடம். "அடிக்கத்தான் எல்லாரும் கீறாங்களே, வாங்கறதுக்கு யாரு?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

கேடயக்காரரிடம் ஒரு கயிறு உண்டு. கூட வருகிற ஒருவரோடு அதைக் கட்டிக்கொண்டால், அவர்மேல் விழ வேண்டிய அடியெல்லாம் கேடயக்காரர்மேல் விழும். முதல் நாளே அதை என்னோடு கட்டினீர்கள். கடைசிவரை வேறு யாரோடும் கட்டவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு ராட்சதப் பல்லியோடு சண்டை. நீங்கள் அடுப்படியில், நான் கூடத்தில். உங்கள் குரல் முதலில் சுவர் தாண்டி வரும், கொஞ்சம் பொறுத்து இயர்போனில் வரும். அன்று இரண்டு வழியாகவும் வந்தது: "டேய்! முன்னாடி போவாதடா! என் பின்னால நில்லுடா!"

பல்லி செத்தது. பிறகு கலா தரையில் உருண்டு சிரித்தாள். நீங்கள் இரண்டு நாள் என் கண்ணில் படவில்லை, சாப்பாட்டுத் தட்டு மட்டும் கதவோரம் வந்தது, அதில் ஒன்றுக்கு இரண்டாக முட்டை. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் என்னை டா போட்டு அதட்ட வீட்டில் ஆளே இல்லாமல் வளர்ந்தவன் நான். இதை உங்களிடம் சொன்னதில்லை.

ரயில்கள் ஓட ஆரம்பித்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து திரும்பும் வண்டி பங்காருப்பேட்டையில் நிற்கிற நேரம் நம்முடையது. எத்தனை டா, எத்தனை திட்டு! "கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்பீர்கள். அரை மணி கழித்து நான் வீட்டுக்குள் நுழைந்தால், "கை கால் கழுவச் சொல்லு கலா" என்று முந்தானை தலைக்கு ஏறிவிடும்.

பிறகுதான் அந்த அப்டேட் வந்தது. கேடயக்காரர் வேலை அலுப்பாக இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை என்று பலர் குறை சொன்னார்களாம். கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு கேடயக்காரர் கையில் பெரிய சம்மட்டியைக் கொடுத்துவிட்டார்கள். எல்லாருக்கும் ஆளுக்கொரு சொந்தக் கேடயம், அவரவர் உயிரை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆட்டம் சூடு பிடித்தது, கேடயக்காரர்கள் பெருகினார்கள். நீங்களும் சம்மட்டியை நன்றாகவே சுழற்றினீர்கள், என்னைவிட அதிகம் கொன்றீர்கள். ஆனால் டா நின்றுவிட்டது. யாரும் யார் பின்னாலும் நிற்க வேண்டியதில்லை என்றால் எதற்காக அதட்டுவது? ஒரு வாரம் பொறுத்தீர்கள். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து, கலாவை நடுவில் வைக்காமல், என்னையே கேட்டீர்கள்.

"மாப்ள, அந்தக் கம்பெனிக்கு ஒரு லெட்டர் போட முடியுங்களா?"

நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். "ஐயா, நான் கே.ஜி.எஃப்.ல இருந்து எழுதறேன். சம்மட்டிய யாருக்கு வேணும்னாலும் குடுங்க. எனக்குக் கயிறு குடுங்க. எங்க வூட்டுப் புள்ள ஒண்ணு சொன்னா கேக்காம முன்னாடி முன்னாடி போவுது."

அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். அனுப்பவில்லை அத்தை. ஆங்கிலத்தில் மாற்றி எழுதி வைத்தேன், அவ்வளவுதான். அங்கே யாராவது படித்துச் சிரிப்பார்களோ என்று கூச்சம். அது மட்டுமா? புது அப்டேட்டில் என் வில்லாளி பறந்துகொண்டிருந்தான். இனி எனக்கு யார் காவலும் தேவையில்லை என்று ஒரு மிதப்பு. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நீங்கள் கேட்பீர்கள், "பதில் வந்துச்சா மாப்ள?" நானும் கூசாமல், "வரும் அத்தை" என்பேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்த்ததும் போர்வையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு அதையே கேட்டீர்கள். நானும் அதையே சொன்னேன். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

இன்று அந்தப் பட்டியலில் காரணமும் போட்டிருக்கிறது. எங்கெங்கோ இருக்கிற கேடயக்காரர்கள் விடாமல் எழுதிக் கேட்டார்களாம். உங்களைப் போலவே எத்தனையோ பேர். அவர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்களுக்காக எழுத வேண்டியவன்தான் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்து உங்கள் போனை எடுத்தேன். கலா இன்னும் அதற்கு சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறாள். கேமைத் திறந்தால், போட்டது போட்டபடி நீங்கள் நிற்கிறீர்கள். பழைய கட்டுகளையும் அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கயிற்றின் மறுமுனையில் என் பெயர்.

உங்கள் போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, என் போனில் உள்ளே நுழைந்தேன். பழைய புத்தி, முன்னால் ஓடினேன். அடி விழுந்தது. என் உயிர்க்கோடு அசையவே இல்லை. திரும்பிப் பார்த்தால், கட்டில்மேல் இருந்த போனில் உங்கள் கோடு குறைந்துகொண்டிருந்தது. தொட ஒரு கையில்லாத போனில், எனக்கு விழ வேண்டியதை நீங்கள் வாங்கிக்கொண்டிருந்தீர்கள்.

பதில் வந்துவிட்டது அத்தை. திரும்பி ஓடிவந்து உங்கள் பின்னால் நின்றுகொண்டேன்.