ராகு காலத்துக்கு முன் தூக்கிய இன்ஜின்

வைகாசி, வெள்ளிக்கிழமை இரவு.

இன்னும் கோபம் ஆறவில்லை. வாசலில் நிறுத்தியிருக்கும் பழைய படகிலிருந்து இன்று இன்ஜினை வெளியே எடுத்தோம். அதை விலை பேசியிருக்கும் கடலூர்க்காரர் நாளை வந்து கொண்டுபோவதாகப் பேச்சு. மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் அதை நம்பித்தான் அவர் கடலுக்குப் போக வேண்டும்.

காலை பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்று என் மனைவியின் தம்பி முருகையனுக்கு அவசரம்.

"எல்லா போல்ட்டும் கழட்டியாச்சாடா?"

"கழட்டியாச்சு மாமா, நீ சும்மா இரு."

வேப்பமரத்தில் கட்டிய, பாரம் தூக்கும் செயின் பிளாக்கை இழுத்தான். இன்ஜின் எழும்பவில்லை. இன்னும் இழுத்தான். படாரென்று சத்தம். கியர்பாக்ஸுக்கு அடியில் துருப்பிடித்த போல்ட் ஒன்றை அவன் கழற்றவே இல்லை. இப்போது கியர்பாக்ஸில் விரல் நீளத்துக்கு விரிசல்.

"பட்டி வெச்சி பெயிண்ட் அடிச்சிடலாம் மாமா. அந்தாளுக்கு இன்னா தெரியப் போவுது?"

"நடுக்கடல்ல தெரியும்டா."

ஒருமுறை ஏமாற்றினால் கரை முழுக்க என் பெயர் நாறிவிடும். கடலூர்க்காரருக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப நான் எதுலண்ணே போவேன்?"



அப்படியும் முருகையன் சாயங்காலம் பெயிண்ட் வாங்கி வந்துவிட்டான். அவன் கையில் சிக்காதபடி அந்த டப்பா இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.