ஆற்றங்கரை வீட்டுக்கு ஒரு ஜன்னல்

காரைக்குடி
பவ வருஷம் (1934), ஆவணி 6

வீட்டுக்காரர் பட்டணத்திலிருந்து திரும்பி இன்றோடு பத்து நாள். ஆள்தான் வந்திருக்கிறாரே தவிர, மனசு இன்னும் அடையாற்றங்கரையில்தான் கிடக்கிறது. அங்கே ஒரு துரை வீட்டு விருந்துக்குப் போனாராம். என்ன பரிமாறினார்கள் என்று கேட்டால் நினைவில்லை. "ஜன்னலத் தொறந்தா ஆறு, உமையா! சுத்தி ஒரே பச்சை. அந்தக் காத்து நம்ம ஊருல பங்கா கட்டி இழுத்தாலும் வருமா?" என்கிறார். காலையில் பல் துலக்கும்போது தொடங்கினால் இலையில் மோர் ஊற்றும்வரை அதே பேச்சு. நேற்று பால்காரரையும் விடவில்லை.

கேலி செய்கிறேன், சரி. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்து இருபத்தேழு வருஷம். வளவு முற்றத்தில் நின்றால் தலைக்கு மேல் சதுரமாக ஒரு துண்டு வானம். மிச்சமெல்லாம் சுவரும் தூணும். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு மரத்தைப் பார்த்ததில்லை. எனக்கும் அந்த ஜன்னல் வேண்டும். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால், ஆசையைக் கிளப்பியதே நான்தான் என்று ஊரெல்லாம் சொல்வார்.

ஐப்பசி 2

மனை வாங்கியாயிற்று. ஆற்றுக்கு வடகரை. பதினாலு மாமரம், இரண்டு புன்னை. வருகிறவர்களிடமெல்லாம் மரக்கணக்குதான். இலைகளை மட்டும் எண்ணவில்லை.

கார்த்திகை 11

வீட்டுக்குப் படம் போட்டார்கள். நாலு அறை, சுற்றிலும் தோட்டம், ஆற்றுப் பக்கம் வரிசையாக ஜன்னல். இவருடைய அண்ணன், பெரியவர், படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்னப்பா, சத்திரத்துக் காவக்காரன் வீடாட்டம் இருக்கு?" என்றார். போயிற்று. உடனே ஒரு வளவு சேர்ந்தது. வளவுக்குத் துணையாக இரண்டாம் கட்டு. சீர்ச்சாமான் வைக்க எட்டு அறை. இருநூறு பேர் ஒரே பந்தியில் உட்காரக் கூடம்.

"கலியாணமெல்லாம் சொந்த ஊருலதான செய்வீக? அங்க எதுக்குப் பந்திக்கூடம்?" என்று இவரிடம் கேட்டேன்.

"பந்திக்கூடம் இல்லாததை யாரு வீடும்பா?" என்றார். மூன்று மாதம் முன்னால் துரையின் வீட்டைச் சொர்க்கம் என்றவர் இவர்தான்.

மாசி 8

வேலையை மேற்பார்க்கப் போன இவர் பட்டணத்திலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். வளவுக்கு ஐந்து மாமரம் போயிற்று. கூடத்துக்கு ஆறு. புன்னை இரண்டும் வண்டி திரும்ப இடைஞ்சலாம். 'மற்றபடி இடம் நல்ல பசுமை' என்று முடித்திருக்கிறார்.

யுவ வருஷம் (1935), ஆனி 15

மிச்சமிருந்த மூன்று மரமும் போயின. அந்த இடத்தில் பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கின்றனவாம். உயிரோடு இருந்த மரத்தை வெட்டிவிட்டு, செத்த மரத்தைக் கப்பலில் வரவழைத்து நட்டிருக்கிறார்கள். பச்சை எங்கே என்று கேட்டு எழுதினேன். ஆத்தங்குடிக் கல்லில் பச்சை இலை போட்டுத் தளம் பாவுகிறோம் என்று பதில் வந்தது.

ஆவணி 20

பிள்ளையார்பட்டிச் சதுர்த்திக்கு ஊருக்கு வந்த நம் பட்டண வீட்டுக் கொத்தனார் மலையாண்டி என்னைப் பார்க்க வந்தார். ஆற்றுப் பக்கத்து ஜன்னல் எத்தனை என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணும் இல்லீங்க ஆச்சி. ஆறு தெக்க கெடக்கு. அது எமன் திசை, அங்குட்டு ஜன்னல் ஆகாதுன்டு பெரியவுக சொல்லிட்டாக."

"தென்றலும் அங்குட்டு இருந்துதானய்யா வருது?"

"அதை நான் பெரியவுககிட்டச் சொல்ல முடியுமா?"

ஆற்றைப் பார்க்கவென்று மனை வாங்கி, ஆற்றுக்கு முதுகைக் காட்டி வீடு கட்டுகிற கூட்டம் உலகத்தில் வேறெங்காவது உண்டா? கோபம் கொஞ்சம் ஆறியபின் யோசித்தேன். அடுப்படி எங்கே வருகிறது? வீட்டுக் கடைசியில், தெற்குச் சுவரை ஒட்டி. சரிதான்.

"அடுப்படியில புகை போக வழி வேணும். இடுப்புயரத்துல இருந்து மேல உத்தரம் வரைக்கும் ஒரு ஜன்னல் வையுங்க."

"புகை போகவா ஆச்சி? இம்புட்டுப் பெருசாவா?"

"வீடு பெருசுல்ல? புகையும் பெருசாத்தான் வரும்."

மலையாண்டி சிரிக்காமல் தலையாட்டினார். நல்ல மனுஷர்.

பட்டணம், அடையாறு
தை 9

இன்று மாலை வந்து சேர்ந்தோம். நாளை பால் காய்ச்சுகிறார்கள். எல்லோரும் தூணைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் நேரே அடுப்படிக்குப் போனேன். தண்ணீர். அவ்வளவு தண்ணீர். எதிர்க்கரையில் தென்னையும் மாவும், நடுவே ஒரு படகு. நின்றபடியே அழுதுவிட்டேன். சமையல் செய்கிற கருப்பம்மாள் என்ன ஆச்சி என்றாள். கண்ணில் புகை என்றேன். அடுப்பு இன்னும் மூட்டவே இல்லை.

தை 10

விருந்துக்கு முந்நூறு பேர். ஒரே ஒருத்தர் ஆறு எங்கே என்று கேட்டார். "பின்னாலதான், எங்க போயிறப் போகுது?" என்றார் இவர்.

மாசி 3

பகல் முழுக்க அடுப்படியிலேயே இருக்கிறேன். "ஆச்சிக்கு என் சமையல் மேல சந்தேகமா?" என்று கருப்பம்மாளுக்கு வருத்தம். இல்லையடி என்றேன். பாதி நம்பினாள்.

மாசி 21

கெட்டது காரியம். இவர் முன்கட்டில் வெந்து போய், காற்று எங்கிருந்து வருகிறதென்று கட்டுக் கட்டாகத் தேடிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டார். ஜன்னலைப் பார்த்ததும், "அடடே! இதுவல்லவா இடம்!" என்று அண்ணனைக் கூப்பிட்டார். எமன் திசையாயிற்றே என்றேன். பெரியவர் அரை நிமிஷம் யோசித்தார். "அது அடுப்படியா இருந்தாத்தான். உக்காருற அறைக்குத் தோஷமில்லை."

அடுப்பை இருட்டுச் சாமான் அறைக்கு மாற்றப் போகிறார்கள்.

இது என் ஜன்னல். நான் கேட்டு வாங்கினது. வாயத் திறந்து சொல்ல முடியுதா? சொன்னா என்ன சொல்லுவாக, அடுப்படிக்காரிக்கு ஆறு எதுக்குன்னுதானே?

பங்குனி 12

ஆண்கள் அறை தயார். தினமும் சாயங்காலம் நாலைந்து பேர் கூடிவிடுகிறார்கள். பிடரியில் காற்றுப் படவேண்டும் என்று சோபாவை ஜன்னலை ஒட்டிப் போட்டு, எல்லோரும் ஆற்றுக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்ந்து ஆற்றங்கரையைப் புகழ்கிறார்கள். எதிரே நிற்கிறவளுக்குத்தான், அவர்கள் தலைக்கு மேலே, ஆறு முழுசாகத் தெரிகிறது.

காப்பியை இப்போது நானே கொண்டுபோகிறேன். டம்ளரைத் திரும்ப வாங்கும்வரை நிற்கவேண்டுமல்லவா? "பட்டணத்துக்கு வந்த பொறவு உமையாளுக்குப் பொறுப்புக் கூடிப்போச்சு" என்று பெரியவர் இன்று மெச்சினார். இவருக்கு அதில் பெருமை.

அவர்கள் கடகடவென்று குடித்துவிடுகிறார்கள், அது ஒன்றுதான் குறை. நாளையிலிருந்து காப்பியை இன்னும் கொதிக்கக் கொதிக்கத் தரும்படி கருப்பம்மாளிடம் சொல்லியிருக்கிறேன்.