அத்தானின் சிவந்த விஸ்கி

என்றும் என் பிரியத்துக்குரிய அத்தானுக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் முதலாண்டு நினைவு நாளில், உங்கள் படத்துக்கு முன்னால், நீங்கள் உயிரைப்போல் வைத்திருந்த விஸ்கியை ஊற்றிய தம்ளருக்குள்ளேயே நான் தும்மிவிட்டேன். சின்னத் தும்மல் இல்லை. படத்துக்கு ஏற்றிய விளக்கு அணைந்துபோயிற்று. நீங்கள் மட்டும் படத்தில் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு என்ன, உங்கள் சட்டையிலா தெறித்தது?

மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பியபோது விமான நிலையக் கடையில் வாங்கினீர்களே, அந்தப் பாட்டிலைத்தான் சொல்கிறேன். சிங்கிள் மால்ட், கடைசிக் காலத்தைப் போர்ட் ஒயின் பீப்பாயில் கழித்தது என்று பெருமையடிப்பீர்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் அட்டைப்பெட்டியிலிருந்து பாட்டிலின் கழுத்தை மட்டும் வெளியே எடுத்து, மூடியைக் கழற்றி, ஆளுக்கு ஒரு மோப்பம் கொடுப்பீர்கள். பிறகு மூடியை அமுக்கிவிட்டு, அரசாங்கக் கடைப் பிராந்தியை ஊற்றுவீர்கள். மூக்குக்கு ஸ்காட்லாந்து, வாய்க்கு நாகர்கோவில். இராஜாக்கமங்கலத்தில் பாதி ஆம்பிளைகள் அந்த மூடியை மோந்தவர்கள். ஒரு சொட்டாவது குடித்தவன் என்று ஒருத்தனும் கிடையாது.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு அந்தப் பிராந்தியும் நின்றது. இனித் தொட்டால் மண்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தீர்கள். அக்கா பாட்டிலை அலமாரிக்குள் பூட்டி, சாவியை அரிசிப் பானைக்குள் புதைத்தாள். அந்த மறைவிடம் உங்களுக்கும் எனக்கும், அடுத்த வீட்டுப் பூனைக்கும் தெரியும் என்பது அவளுக்கு மட்டும் தெரியாது. தெரியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஆண்டு நாளைக்கு, செத்தவருக்கு ஆசைப்பட்டதையெல்லாம் இலையில் பரப்பிக் கதவைச் சாத்திவைக்கிற நம் வழக்கம் இருக்கிறதே. நெய்மீன் வறுவல், அவித்த மரச்சீனிக் கிழங்கு, பீடிக்கட்டு என்று எல்லாம் வந்தன. அக்காவாகவே பாட்டிலையும் எடுத்து வந்தாள். உயிரோடு இருந்தபோது கொடுக்காததை இப்போதாவது கொடுக்கலாம் என்று நினைத்திருப்பாள். பெட்டியிலிருந்து பாட்டிலை முழுதாக உருவியது அன்றைக்குத்தான்.

உள்ளே இருந்தது சிவப்பு, அத்தான். இளஞ்சிவப்பு. செம்பருத்திப் பூவை ஊறவைத்த தண்ணீர் மாதிரி.

பக்கத்து வீட்டு ராஜமணி அண்ணனை நினைவிருக்கும். பஹ்ரைனில் ஹோட்டல் பாரில் ஊற்றிக் கொடுத்தவர். இப்போது ஜெபக்கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். சரக்கைக் கண்ணால் பார்ப்பார், தொடமாட்டார், மோக்கவும் மாட்டார். அவர் பாட்டிலை வெயிலுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி, இரண்டு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். நாலு பேர் கூடிவிட்டால் அவருக்குள் பழைய பார்க்காரர் எழுந்துவிடுவார்.

"விஸ்கி இந்த நெறத்துல வராது கேட்டியளா? பார்ல பயக்க செய்யுத வேல இது. குடிச்சிப்போட்டு, தெரியாம இருக்க எதையாம் ஊத்தி ரொப்பி வச்சிருவானுவ."

எனக்குக் கோபம் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியில் எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தேன். ஓக் பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடந்தது, பிறகு போர்ட் ஒயின் இருந்த பீப்பாய்க்கு மாறியது, நிறம் அந்தப் பீப்பாய் கொடுத்தது, உலர்ந்த திராட்சை, பிளம் பழம், தேன், பட்டை எல்லாம் நாக்கில் தட்டுப்படும். பிள்ளை பெற்ற பெண்களுக்கு ஒரு மூடி கொடுப்பார்களே, அந்தப் போர்ட் ஒயினா என்று அக்கா கேட்டாள். அதேதான் என்றேன். ராஜமணி அண்ணன் விடவில்லை. பெட்டியில் எழுதியிருப்பது அன்றைக்கு இருந்த சரக்கைப் பற்றி, இன்றைக்குப் பாட்டிலுக்குள் இருப்பதைப் பெட்டி எப்படிச் சொல்லும் என்றார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்ததுதான் வயிற்றெரிச்சல்.

அக்கா அடுக்களைக்குப் போனாள். பின்னாலேயே போனேன். மீதி நெய்மீன் கல்லில் கிடந்து கருகிக்கொண்டிருந்தது. அவள் திருப்பிப் போடவில்லை.

"லே தாணு. சாவி எங்க இருக்குன்னு அவியளுக்குத் தெரியும்லே. நான் தெரியாத மாதி இருந்தேன். ஆம்பிளைய ரொம்பப் பூட்டி வைக்கப்பிடாதுன்னு நெனச்சேன். அவிய குடிச்சாவளா?"

ஒரு வருஷமாக அவள் சரியாகத் தூங்காதது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என்னவோ உங்களை நினைத்துத்தான் என்று எண்ணியிருந்தேன். அவள் அந்தச் சாவியையும் சேர்த்து நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இன்னும் நல்ல இடத்தில் ஒளித்திருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்களோ என்று.

குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். பத்திரிகையில் நாலு நகைச்சுவைக் கட்டுரை எழுதியவனுக்கு எல்லாம் தெரியும் என்று இந்த வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை வளர்த்துவிட்டவன் நான்தான். சோடாவும் கடலைமிட்டாயும் இல்லாமல் எதையும் குடித்தறியாத என்னை நடுக்கூடத்தில் உட்காரவைத்தார்கள். தம்ளரைச் சாய்த்தேன், சுழற்றினேன், சினிமாவில் பெரிய மனிதர்கள் செய்வதுபோல் மூக்கைக் கொண்டுபோனேன். அப்போதுதான் அந்தத் தும்மல்.

ராஜமணி அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அசல் சாதனம்னா மூக்குல அப்பிடித்தான் ஏறும். வெள்ளக்காரனே தும்முவான். நான் பாத்திருக்கேன்."

இது நடக்கிற காரியமா அத்தான்? எனக்குத் தெரியாது. ஆனால் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டேன். ஒரு மடக்கு குடித்தேன். தொண்டையில் கொள்ளிக்கட்டையை இறக்கியதுபோல் போயிற்று. கண்ணை மூடி, கொஞ்ச நேரம் எல்லோரையும் காக்கவைத்து, பிறகு சொன்னேன். முதலில் உலர்ந்த திராட்சை. அப்புறம் பிளம் பழம். இப்போது தேன். ஆ, இதோ பட்டை வருகிறது. தண்ணீர் கலந்தால் இந்த வரிசை கிடைக்காது. இதில் யாரும் கைவைக்கவில்லை. பீப்பாயிலிருந்து இறங்கியபடியே இருக்கிறது.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தம்ளரில் மீதி இருந்ததை அப்படியே உங்கள் இலையில் வைத்தாள். என் தும்மலோடு சேர்த்துத்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். வேறு ஊற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் அவளும் ஒரு கேள்வி கேட்டாள், இதற்கு இப்போது என்ன மதிப்பு வரும் என்று. மூடி திறந்த பாட்டிலுக்கு மதிப்பே கிடையாது, சும்மா கொடுத்தாலும் தெரிந்தவன் வாங்கமாட்டான் என்றார் ராஜமணி அண்ணன். அக்கா சிரித்தாள். நீங்கள் போன பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. 'வெலையில்லாத சாமானத்துக்கா இவ்வளவு காவல் இருந்தேன்' என்று சொல்லிக்கொண்டே பாட்டிலைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள். சாவி இப்போது அரிசிப் பானையில் இல்லை. அலமாரிப் பூட்டிலேயே தொங்குகிறது. நேற்றுப் போனபோது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கூடத்தில் படுத்து, குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். உங்கள் குறட்டையை எவ்வளவு திட்டியவள். நான் எழுப்பாமல் வந்துவிட்டேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கவேண்டும் என்றிருந்தேன். வேண்டாம், விடுங்கள். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அலமாரி திறந்தே கிடந்தாலும், அக்காவே எடுத்துக் கொடுத்தாலும், அந்தப் பாட்டிலை இனி நான் மோக்கவோ குடித்துப் பார்க்கவோ மாட்டேன். வேறு எவனையும் மோக்க விடவும் மாட்டேன். என் தீர்ப்புத்தான் கடைசித் தீர்ப்பு.

உங்கள் சிவந்த விஸ்கிக்குச் சாட்சி சொன்ன
மச்சினன் தாணு

அன்றைக்கு எனக்குக் கடுமையான ஜலதோஷம், அத்தான். அடுக்களையில் நெய்மீன் கருகியதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.