அட்டவணையில் இல்லாத வரி

செப்டம்பர் 14, 2008 — ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் அட்டவணை போட உட்கார்ந்தேன். லேப்டாப் வாங்குவது ஒன்றும் பெண் பார்க்கிற விஷயம் இல்லை. எண்களைப் பார், கூட்டு, வாங்கு. ஷிப்டில் ஒரு மாதமாக ஆளுக்கொரு கம்பெனி பெயரைச் சொல்லி மண்டையைக் குடைகிறார்கள். ஏன் என்று ஒருவனும் சொல்வதில்லை. "என் மச்சினன் அதான் வச்சிகினு கீறான்." இது ஒரு காரணமா?

நிலைமையை எழுதி வைக்கிறேன். ஜூலையில் அம்மாவுக்குப் பக்கவாதம். வலது கை, வலது கால் வரவில்லை, பேச்சு குழறுகிறது. அணுபுரம் குடியிருப்பில் பதினெட்டு வருஷம் தோட்ட வேலை செய்த உடம்பு கட்டிலோடு கிடக்கிறது. நான் கல்பாக்கத்தில் ஒப்பந்த டெக்னீஷியன். மூன்று நாள் வராவிட்டால் நான்காம் நாள் என் இடத்தில் வேறு ஆள். அதனால் அக்காதான் நாவலூர் வேலைக்குப் போகாமல் இரண்டு மாதமாக வீட்டில் இருக்கிறாள்.

அவள் வேலை: அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசி அனுப்பும் பதிவைக் காதில் கேட்டு ஆங்கிலத்தில் தட்டிக் கொடுப்பது. இனி லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சொந்த மெஷின் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். அக்டோபர் 15 முதல் பதினைந்து நாள் சோதனை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இருக்க வேண்டும், நேரத்துக்குள் போக வேண்டும். இல்லையென்றால் வேலை போச்சு.

டெஸ்க்டாப் உதவாது. தினம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. லேப்டாப்தான், அதுவும் ஒன்றுதான். தப்பானதை வாங்கினால் இரண்டாவது வாங்க வழியில்லை.

அட்டவணையில் எட்டு வரி. பிராசஸர், மெமரி, ஹார்ட் டிஸ்க், பேட்டரி, திரை, எடை, யு.எஸ்.பி. எத்தனை, வாரன்டி. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். முடிந்தது.

செப்டம்பர் 17, புதன்

செங்கல்பட்டு. ராட்டினங்கிணறு பக்கம் ஷ்யாமின் கடை. பாலிடெக்னிக்கில் என் பெஞ்சு. என் அட்டவணையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மச்சான், கொஸ்டீன் பேப்பர் கணக்கா கீது."

புதிதாக வெள்ளி நிறத்தில் ஒன்று காட்டினான். டூயல் கோர், இரண்டு ஜி.பி., பளபளக்கிற அகலத் திரை. ஓரத்தில் மூன்று கறுப்பு மெஷின்கள், ஏதோ கம்பெனி நான்கு வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்தவை. செங்கல் மாதிரி கனம், மங்கின திரை, பழைய பிராசஸர். கறுப்புக்கு எண்பதில் முப்பத்தொன்று. வெள்ளிக்கு அறுபத்தெட்டு. பேச என்ன இருக்கிறது?

"யாருக்குடா?" என்றான்.

"அக்காவுக்கு."

"அப்ப அவங்கள ஒரு தபா கூட்டினு வா."

"அவளுக்கு இன்னா தெரியும்? நான் பாத்துக்கறேன்."

செப்டம்பர் 18, வியாழன்

பத்திலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் இல்லை. கூப்பிடு தூரத்தில் அணுவைப் பிளந்து மின்சாரம் எடுக்கிறார்கள். இங்கே புதுப்பட்டினத்தில் விசிறி சுற்றவில்லை. அங்கே வேலை பார்ப்பவனே நான்தான். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரன் ஜெனரேட்டர் போட்டுவிட்டான். ஜன்னலுக்கு நேராக வைத்திருக்கிறான். வீடு முழுக்கப் புகையும் சத்தமும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கேட்கவில்லை என்று நாளைக்குச் சொல்லக் கூடாது. கேட்டேன்.

"உனக்கு இன்னா வேணும், சொல்லு."

அக்கா அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே சொன்னாள்: "கீபோர்டு நல்லா இருக்கணும். காதுல சத்தம் தெளிவா வரணும். அப்புறம் பெடல்—"

"பெடல் கம்பெனிதானே தருது? அத்த விடு. மெஷினப் பத்திப் பேசு."

விட்டுவிட்டாள். அம்மா ஏதோ சொன்னாள். எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. அக்கா உடனே எழுந்துபோய் மோரில் உப்பு போட்டுக் கொண்டுவந்தாள். எப்படித்தான் அவளுக்கு மட்டும் புரிகிறதோ. நான் "இன்னாமா, இன்னா?" என்று இரண்டு தடவை கேட்பதற்குள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வாங்கியாயிற்று. வெள்ளி. மூன்று மணி நேரம் பேட்டரியில் ஓடவிட்டுப் பார்த்தேன், தாங்கியது. அக்கா ஒரு பக்கம் தட்டிப் பார்த்தாள். செங்கல்பட்டில் டைப்ரைட்டிங் ஹையர் முதல் வகுப்பில் தேறியவள். விரல் கண்ணுக்குத் தெரியாது.

"மெத்துன்னு கீதுடா."

என் எட்டு வரி ஜெயித்தது. அட்டைப்பெட்டி, தெர்மாகோல் எதையும் எறியக் கூடாது என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வாரன்டிக்கு வேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

பிராட்பேண்ட் மோடத்தைப் பைக்கின் பழைய பேட்டரியில் ஓட்டிவிட்டேன். இனி கரண்ட் போனாலும் நெட் இருக்கும். எல்லாம் தயார். பத்து நாள் மிச்சம் வைத்து முடித்திருக்கிறேன். ஒருவரும் பாராட்டவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

அக்காவின் டீம் லீடர் ஷபானா படூரிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். பையில் பெடல். தையல் மெஷின் மிதி மாதிரிதான், சின்னது. அழுத்தினால் டாக்டர் பேசுவார், விட்டால் நிற்பார், பக்கவாட்டில் தட்டினால் பின்னால் போய்த் திரும்பச் சொல்வார். அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். சோதனை முடிந்து தேறவில்லையென்றால் முப்பதாம் தேதி பெடலைத் திருப்பித் தர வேண்டும். அடியில் கம்பெனி சீல் ஒட்டியிருக்கிறது, கிழியக் கூடாது.

வயரின் முனையைப் பார்த்தேன்.

ஒன்பது துளை. பழைய சீரியல் போர்ட்டின் ஒன்பது முள்ளில் சொருகுவது.

வெள்ளி மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நான்கு யு.எஸ்.பி. ஒன்பது முள் போர்ட் இல்லை. இப்போது வருகிற எதிலும் இல்லை. இந்த முனையைத் தினம் இருபது தடவை ஆலையில் சொருகி எடுக்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொருகுவேன். சொந்த வீட்டுக்கு வாங்கும்போது இது எங்கே போயிற்று என் புத்தியிலிருந்து?

ஷபானா கேட்டாள்: "இன்னா ஆல்வின், நீதானே டெக்னிக்கல் ஆளு?"

அக்கா வயரைச் சுற்றி மேஜைமேல் வைத்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 11, சனி

சீரியலை யு.எஸ்.பி. ஆக்கும் வயர் ஒன்று வாங்கிவந்தேன். மெஷின் வயரை ஒப்புக்கொள்கிறது, பெடலை ஒப்புக்கொள்ளவில்லை. சும்மா டேட்டா அனுப்பும் சாதனம் என்றால் நடந்திருக்கும். இந்தப் பெடல் டேட்டா பேசுவதே இல்லை. ஓரத்துக் கம்பிகளில் மின்சாரம் வருகிறதா இல்லையா என்பதுதான் இதன் பேச்சு. மலிவு வயரில் அந்தக் கம்பிகளே கிடையாது. இரண்டு கடை அலைந்தேன். இருப்பது எல்லாம் இதே வயர்.

"பெடல் இல்லாம கீயை அமுக்கியே நிறுத்தி நிறுத்திக் கேளேன்," என்றேன். அக்கா முயன்றாள். பத்து நிமிஷப் பதிவுக்கு ஒன்றரை மணி நேரம். ஆபீஸில் நாற்பது நிமிஷமாம். ஒவ்வொரு தடவையும் விரல் இடத்தைவிட்டு எழுந்து போய்த் திரும்புகிறது. திரும்பும்போது ஒரு எழுத்து தள்ளி விழுகிறது.

"கையால தட்றேன். கேக்கறது காலாலடா," என்றாள். "கால் இல்லன்னா நான் செவிடு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை.

"இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னேன். அத்த விடுன்ன."

அவ்வளவுதான். கத்தவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அம்மாவைப் புரட்டிப் போடப் போய்விட்டாள்.

முந்தின பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். 21ஆம் தேதி. என் கையெழுத்திலேயே இருக்கிறது. பெடல் என்ற சொல், அதன் பின் ஒரு கோடு. அந்தக் கோடு நான்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. பழைய யு.எஸ்.பி. கீபோர்டு ஒன்று கிடந்தது. அதன் உள் பலகையை எடுத்துப் பெடலின் மூன்று சுவிட்சை அதில் சால்டர் செய்துவிட்டால் மெஷின் அதைக் கீபோர்டு என்றே நினைக்கும். அரை மணி வேலை. ஸ்க்ரூ டிரைவரைப் பெடலின் அடியில் வைத்துவிட்டேன்.

அக்கா வந்து பெடலைக் கையிலிருந்து வாங்கினாள்.

"சீலு."

"திரும்ப ஒட்டிக்கலாம்கா. எவன் பாக்கறான்?"

"கிழிஞ்சா என் வேலதான் கிழியும், உன் வேல இல்ல."

அப்புறம் நான் எதற்குப் படித்தேன்? என்னால் முடியும். முடிகிறதைச் செய்யாமல் உட்கார்ந்திருப்பதுபோல் பேஜார் வேறு இல்லை.

ஆறு மணி வாக்கில் போய்க் கேட்டேன்: "நாளைக்கு ஷ்யாம் கடைக்கு வர்றியா?"

"எதுக்கு?"

"நீ பாரு. நான் வாய தொறக்க மாட்டேன்."

"அது உன்னால ஆவாது," என்றாள். ஆனால் சிரித்தாள்.

அக்டோபர் 13, திங்கள்

ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். எதிர் வீட்டுப் பொன்னியக்கா அம்மாவோடு இருந்தாள். அக்கா ஜூலைக்குப் பிறகு செங்கல்பட்டுப் பஸ்ஸில் ஏறுவது இதுதான் முதல் தடவை. வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் மடியில் பெடல், என் மடியில் வெள்ளி மெஷின் அட்டைப்பெட்டியோடு.

கழித்துப் போட்ட கறுப்பில் இரண்டு மிச்சமிருந்தது. பின்னால் திருப்பினேன். இரண்டிலும் ஒன்பது முள் போர்ட். அன்றைக்கு நான் பின்பக்கம் பார்க்கவே இல்லை. எட்டு வரியில் அது இல்லையே.

ஷ்யாம் வாயைத் திறந்தான். "நான் அன்னிக்கே கூட்டினு வா—"

"தெரியும். மூடு."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். பெடலைத் தரையில் வைத்துக் காலால் இப்படியும் அப்படியும் நகர்த்திச் சரிசெய்துகொண்டாள். சி.டி.யிலிருந்த மென்பொருளைப் போட்டேன், ஹெட்போனை மாட்டிக்கொண்டாள், கண்ணை மூடிக்கொண்டாள். கடையில் ஒருத்தன் பிரின்டர் மை வாங்கப் பேரம் பேசிக்கொண்டிருந்தான். அவளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. கால் அழுந்துகிறது, எழுகிறது, பக்கத்தில் ஒரு தட்டு, மறுபடி அழுந்துகிறது. விரல் நிற்கவே இல்லை. நான் நாலு வருஷமாக இந்த வேலையைக் "கேட்டுத் தட்டுவது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதற்கு முன் பார்த்ததே இல்லை.

முதல் மெஷினைத் தள்ளினாள். "ஸ்பேஸ் பார் ஓரத்துல செத்துக் கீது."

இரண்டாவதில் இருபது நிமிஷம் உட்கார்ந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. பிராசஸர் பழசு என்று சொல்ல நாக்கு வந்தது. டாக்டர் பேசுவதைக் கேட்க எத்தனை பிராசஸர் வேண்டும்?

"இதான்," என்றாள்.

ஷ்யாம் வெள்ளியைத் திருப்பி எடுத்துக்கொண்டான். இரண்டு வாரம் ஓடினதற்குக் கொஞ்சம் பிடித்துக்கொண்டான், நியாயம்தான். அட்டைப்பெட்டியைப் பார்த்து, "தெர்மாகோல்கூட வச்சிகினு கீற பாரு, அதுக்கே முழுப் பணம் குடுக்கலாம்டா" என்றான். தள்ளிவிட்ட மெஷினின் பேட்டரியையும் கழற்றி அக்கா கையில் கொடுத்தான். ஒரு பேட்டரி ஒன்றேகால் மணி நேரம் தாங்கும். மாற்றிப் போட்டால் இரண்டரை.

வரும் வழியில் அக்கா சொன்னாள்: "எனக்குன்னு இன்னிக்குத்தான்டா ஒண்ணு நானே பாத்து வாங்கியிருக்கேன்."

அக்டோபர் 15, புதன்

ஆரம்பம். காலை ஷிப்ட். ஆலையில் செல்போன் கூடாது. எட்டு மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருந்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

அக்காவுக்குச் சோதனையில் ஐந்தாம் நாள். தொண்ணூற்றேழரை வந்ததாம் நேற்று. அரை குறைகிறது.

அவள் குளிக்கப் போன நேரம் ஹெட்போனை மாட்டிப் பெடலை மிதித்தேன். ஒரு டாக்டர். சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார் போல. பின்னால் யாரோ கதவைச் சாத்துகிறார்கள். ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் தட்டினேன். மறுபடி. மறுபடி. ஆறாவது தடவை ஒரு சொல் பிடிபட்டது: முழங்கால். அவ்வளவுதான், மீதி குழறல்.

வெளியே வந்தவள் பார்த்துவிட்டாள். "எத்தினி தபா கேட்ட?"

"ஆறு."

"நல்ல ஆளுதான். நான் சிலத பத்து கேப்பேன்."

அம்மா சொல்வது அவளுக்கு மட்டும் எப்படிப் புரிகிறது என்று செப்டம்பரில் எழுதியிருந்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

தீபாவளி. தெரு முழுக்கச் சரவெடி. அமெரிக்க டாக்டருக்குத் தீபாவளி தெரியாது. அக்கா தலைக்கு மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு அதற்குள் மெஷினோடு உட்கார்ந்துவிட்டாள். பொன்னியக்கா முறுக்குத் தட்டோடு வந்து, "இன்னாடி சிநேகா, ஆவி பிடிக்கிறியா?" என்று கேட்டாள். அம்மா சிரித்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டும். ஆனால் சிரிப்புதான்.

அக்டோபர் 30, வியாழன்

நேற்றோடு பதினைந்து நாள். போன் வரவில்லை. பெடலைத் துடைத்துப் பையில் போட்டு வாசலருகே வைத்திருக்கிறாள், கேட்டால் உடனே கொடுக்க. நான் அதைத் தாண்டித் தாண்டிப் போகிறேன்.

நவம்பர் 3, திங்கள்

எனக்கு வார விடுமுறை. ஒன்பதரைக்கு ஷபானா கூப்பிட்டாள். அக்கா "சரி, சரி" என்று நாலு தடவை சொன்னாள். போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ப் பையைத் திறந்து பெடலை எடுத்து மேஜைக்கடியில் வைத்தாள்.

"திருப்பித் தர வேணாமாம்."

பத்து மணிக்குக் கரண்ட் போனது. மோடத்தின் விளக்கு எரிகிறது. பெடல் சத்தம் நிற்கவில்லை. டக், டக்.

அம்மா என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். விளங்கவில்லை. அக்காவைக் கூப்பிட வாய் வந்தது. கூப்பிடவில்லை. கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னொரு தபா சொல்லுமா."

சொன்னாள். இன்னொரு தடவையும் கேட்டேன். முகத்தைத் திருப்பாமல் மறுபடி சொன்னாள். நான்காவது தடவை புரிந்தது. ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாள். ஜெராக்ஸ் கடை ஜெனரேட்டர் சத்தம், வேலை செய்கிற பெண்ணுக்குக் காது கேட்காதாம்.

எழுந்துபோய்ச் சாத்தினேன்.