வீட்டுக்கு நேரே ஒரு டெண்ட்

ஜனவரி 5, ஞாயிறு

டெண்ட் வந்துவிட்டது. பச்சை நிறம். நாலு பேர் படுக்கலாம் என்று அட்டையில் போட்டிருக்கிறது. நாலு பேரும் என் நாத்தனார் மாதிரி ஒல்லியாக இருந்தால் படுக்கலாம். ஹாலில் விரித்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் கதிர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஜூன் முப்பதோடு எனக்கு வேலை முடிகிறது. முப்பத்து மூன்று வருடம் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். ஓய்வு பெற்றதும் ஒரு வருடம், ஆம்னி வேனில் இந்த டெண்டைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தங்க வேண்டும். ஆறு, அணை, தோப்பு, எங்கே பிடிக்கிறதோ அங்கே. இதைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு வீட்டில் பைத்தியக்காரி என்று பேர். இருக்கட்டும். வார்டில் இதைவிடப் பெரிய பேரெல்லாம் வாங்கியிருக்கிறேன்.

கதிர் அரசு பஸ் டிரைவராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “நான் தரையில படுக்க மாட்டேன், செவ்வந்தி.”

காரணம் எனக்குத் தெரியும். அதனால்தான் சண்டை போட முடியவில்லை.

ஜனவரி 7

அந்தக் காரணத்தையும் எழுதிவைத்துவிடுகிறேன். என் மாமனார் மாசாணம், சென்னிமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையாள். மாட்டுச் சாளையில் மாடுகளோடு தரையில் படுத்தவர். கதிர் பதினாலு வயதுவரை அங்கேயே ஆடு மேய்த்து, அப்பா பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்தவர். வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் வாங்கியது ஒரு கட்டில். அதற்குப் பிறகு அவர் தரையில் படுத்ததே இல்லை. என் அம்மா செத்த அன்று, வீடு கொள்ளாத கூட்டத்தில் எல்லோரும் பாயில் கிடக்க, இவர் ஒருவர் மட்டும் பெஞ்சில் படுத்தார். என் அண்ணன் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவான்.

நான் மட்டும் என்ன ஜமீன்தார் மகளா? எங்க அம்மாவும் அடுத்தவர் காட்டில் களை எடுத்தவள்தான். ஆனால் எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. அவர்கள் வேறு வழியில்லாமல் வெளியில் படுத்தார்கள். நான் ஆசைப்பட்டுப் படுக்கப் போகிறேன். விடிந்ததும் யாரும் வந்து அதட்டி எழுப்பாத இடத்தில், எனக்கு விழிப்பு வரும்வரை. இதில் என்ன கேவலம்?

ஜனவரி 9

ஒரு வழியாக இறங்கி வந்தார். “மூணு தடவை வாரேன். நான் வண்டிச் சீட்டுலதான் படுப்பேன். மூணும் முடிஞ்சு எனக்கு ஒத்துவரலீன்னா, அப்புறம் நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ரிட்டயர்மென்ட் வாழ்க்கைக்கு மூன்று ஒத்திகை.

மகள் பிரீத்திகா சரவணம்பட்டியிலிருந்து போன் செய்தாள். “அம்மா, தரையில இருந்து எந்திரிக்கத்தான் தாத்தா காலத்துல இருந்து பாடுபட்டோம். நீங்க மறுபடியும் தரைக்கே போறேங்கறீங்க. போறது போறீங்க, ஸ்டேட்டஸ்ல போட்டுறாதீங்க. எங்க மாமியார் பாத்தா என்ன நெனப்பாங்க?”

“நெனக்கட்டும் கண்ணு. அவங்களுக்கும் பொழுது போகோணுமில்ல.”

போனை வைத்துவிட்டாள்.

ஜனவரி 19, ஞாயிறு

முதல் ஒத்திகை முடிந்தது. ஆழியாறு பக்கம் ஒரு தென்னந்தோப்பு. ஆற்றங்கரைக்கு இருபது லிட்டர் கேனில் சிறுவாணித் தண்ணீர் தூக்கிக்கொண்டு போன குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். கதிர்தான் ஏற்றினார். வேறு தண்ணீர் அவருக்கு வாய்க்கு விளங்காதாம். தோப்புக்காரர் அப்துல் குத்தூஸ் கேனைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, எளநியும் கோயமுத்தூர்ல இருந்தே கொண்டாந்துட்டீங்களா?” என்று கேட்டார்.

நான் செய்த கூத்து இன்னொன்று. பாய் போதாது என்று பவானி ஜமக்காளத்தை வெளியில் விரித்தேன். பனியில் ஊறி, காலையில் அதைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டியிருந்தது.

கதிர் சொன்னபடியே டிரைவர் சீட்டைச் சாய்த்துப் படுத்தார். “முப்பது வருசம் உக்காந்த சீட்டு, தூக்கம் நல்லா வருது” என்றார். வெளியில் சொல்லிவிடாதீர்கள், பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்றேன். சிரிக்கவில்லை.

எனக்கு இடுப்புக்கு நேராக ஒரு கல். ஆனால் விடிந்தபோது யாருக்கும் ஊசி போட வேண்டியதில்லை. ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். உட்கார்ந்ததே இல்லை.

பிப்ரவரி 4

வார்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. “சிஸ்டர், யானை வந்தா என்ன பண்ணுவீங்க?” என்கிறார்கள். வந்தால் பிரஷர் பார்த்து அனுப்புகிறேன் என்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

இரண்டாவது ஒத்திகை. பவானியைத் தாண்டிக் காவிரிக் கரை. கதிரே அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினார். அடி பிடித்திருந்தாலும் ருசியாகத்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்து நல்லபடியாக இருக்கும்போது, “இப்புடித் தெருவுல கெடக்கறதுக்கா அந்த ஊட்டக் கட்டுனோம்?” என்றாரே பார்க்கலாம்.

எனக்கு வந்த கோபம்! ஊட்ட யாரு கட்டுனது? நானும்தானே கட்டுனேன்? எத்தனை வருசம் நைட் டூட்டி! கட்டி என்னத்தக் கண்டேன், பகல்ல தூங்கறதுக்கு ஒரு கொட்டாய். மொட்டை மாடியில நின்னு நெலாப் பாத்திருக்கறேனா ஒரு நாளாச்சும்? இவரு டிவி முன்னாடி உக்காந்துக்கட்டும். நான் உக்கார மாட்டேன்.

இதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவர் மறுபடியும் வண்டியில்தான் படுத்தார். இரண்டு ஆயிற்று. ஒன்றுதான் பாக்கி.

ஏப்ரல் 20

கதிர் திடீரென்று, “மூணாவது எடத்தை நான் பாத்துக்கறேன்” என்றார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். இங்கிலீஷில் பேர் வைத்த ஏதோ பண்ணை. சென்னிமலைப் பக்கமாம். புல்வெளி, ஊஞ்சல், இரண்டு வெள்ளை மாடு. புக்கிங் அவரே செய்தார், அவர் பேரில்.

இவருக்கு என்ன ஆயிற்று?

மே 10, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

வழி காட்ட நான் போனை எடுத்தேன். வேண்டாம் என்றார். மண் ரோட்டில் மூன்று திருப்பம், ஒன்றில்கூடத் தயங்கவில்லை. கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தியபோதுதான் எனக்கு உறைத்தது. “இது மாமா வேலை செஞ்ச தோட்டமுங்களா?” தலையை மட்டும் ஆட்டினார்.

பண்ணையை நடத்துகிறவர் மோகன்குமார், தோட்டத்துச் சொந்தக்காரரின் மகன், ஐம்பது வயது இருக்கும். “வாங்க சார், வாங்கம்மா. வழி கண்டுபுடிக்கச் சிரமமா இருந்துச்சுங்களா?” என்று ஓடி வந்தார். காபி வந்தது. எங்கே டெண்ட் போடலாம் என்று கேட்டதற்கு, “வீட்டுக்கு நேரா புல்லு நல்லா இருக்குதுங்க, அங்கயே போட்டுக்குங்க” என்று அவரே இடத்தைக் காட்டினார். நானும் கதிரும் முளை அடித்துக் கட்டி முடித்தோம்.

அப்புறம் கேட்டார். “சாருக்கு எந்த ஊருங்க?”

“இதே ஊருதானுங்க.”

“அட! யாரு ஊடுங்க?”

எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் இந்தக் கேள்வி சாதியைத்தான் தேடுகிறது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். கதிர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“மாசாணத்து மகனுங்க. இங்க பண்ணையத்துல இருந்த மாசாணம்.”

மோகன்குமார் சிரித்தபடியே உள்ளே போனார். பத்து நிமிடம் கழித்து வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அப்பா காலையில வாசல்ல வந்து உக்காருவாரு. பழைய ஆளு. அக்கட்டால, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நல்ல நெழலு. டெண்டை அங்க மாத்திக்கலாமே. வேற ஒண்ணுமில்ல.”

வேற ஒண்ணுமில்லையாம்! அந்த வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் சாளை இருந்தது என்று எனக்குக் கதிர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். நான் வாயைத் திறந்தேன். கதிர் முந்திக்கொண்டார்.

“இது நீங்க காட்டுன எடம்தானுங்களே?”

“ஆமா, ஆனா...”

“அப்ப இங்கயே இருக்கட்டுமுங்க.”

செருப்பைக் கழற்றினார். டெண்டின் ஜிப்பைத் திறந்து, குனிந்து உள்ளே போய், வீட்டுப் பக்கம் தலை தெரிகிற மாதிரி பாயில் மல்லாந்து படுத்தார். சாயங்காலம் ஐந்து மணி, வெயில்கூட இறங்கவில்லை. கல்யாணம் ஆகி முப்பத்தைந்து வருடத்தில் இவர் தரையில் படுத்து நான் பார்த்ததில்லை. மோகன்குமார் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நாலு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வோம்? யாரும் வரவில்லை. ராத்திரிச் சாப்பாடும் வரவில்லை. சமையல்காரருக்கு உடம்பு சரியில்லையாம். நல்லதாயிற்று. வீட்டுக்கு நேராகவே அடுப்பை மூட்டி, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் தாராளமாகப் போட்டு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினேன். வாசம் உள்ளே போகட்டும் என்று நெய்யைக் கொஞ்சம் கூடுதலாகவே விட்டேன்.

மே 11, ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் பெரியவர் வந்தார். மோகன்குமாரின் அப்பா வெள்ளியங்கிரி. மாமனார் அவரைப் ‘பண்ணாடி’, அதாவது எசமான், என்றுதான் சொல்வார், பண்ணாடி செத்துக் கிடக்கிற மாதிரிக் கனவு கண்டால்கூட எழுந்து நிற்பேன் என்பார். எண்பதைத் தாண்டிவிட்டது. கோலை ஊன்றி டெண்ட்வரைக்கும் வந்துவிட்டார்.

“ஆருடா அது?”

கதிர் எழுந்திருக்கவில்லை. பாயில் உட்கார்ந்தபடியே, “மாசாணத்து மகன் கதிருங்க. அந்தச் சேர்ல உக்காருங்க” என்றார். எங்கள் மடக்குச் சேர் வெளியில் கிடந்தது.

பெரியவர் சேரைப் பார்த்தார். கதிரைப் பார்த்தார். மகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கால் வலி ஜெயித்தது, உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, “இவ என்ன பண்றா?” என்றார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்றார் கதிர். உடனே வேட்டியை ஒதுக்கி வலது காலை என் பக்கம் நீட்டினார். கட்டை விரலில் சர்க்கரைப் புண். “இதைப் பாரு” என்றார். கேட்கவில்லை, சொன்னார்.

“நான் லீவுல இருக்கறேங்க” என்றேன்.

புண்ணைப் பார்த்தபின் சும்மா இருக்கவும் முடியவில்லை. கறுத்திருக்கிறது, நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போட்டால் விரல் போய்விடும் என்று சொன்னேன். காலைத் தொடவில்லை. தொட்டிருக்க வேண்டுமா? முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனை ஆயிரம் கால்களைத் தொட்டிருக்கிறேன்! இதை மட்டும் தொடவில்லை. எனக்கு வருத்தமில்லை.

மே 16

ஐந்து நாளாகக் கதிர் அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒத்திகை மூன்றும் முடிந்தது. என்ன சொல்லப் போகிறார்? போதும் என்றால்? அவமானப்பட்டு வந்தவரிடம் வா வா என்று எப்படி இழுப்பது?

வாக்குக் கொடுத்தேன்தான். வேண்டாம் என்றால் வாக்கை மீறுவேன். தனியாகப் போவேன். எழுதிவிட்டேன், மை காயட்டும்.

மே 18, ஞாயிறு

கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தப் பண்ணையைப் பற்றிக் கருத்து எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறதாம். ஒரு விரலால் அரை மணி நேரம் எழுதினார்:

“இடம் நன்றாக இருக்கிறது. புல்வெளி சுத்தம். நாங்கள் வீட்டுக்கு நேரே டெண்ட் போட்டோம். யார் வந்தாலும் அங்கேயே போடலாம். கதிர், மாசாணம் மகன், அரசுப் பேருந்து ஓட்டுநர் (ஓய்வு).”

“எத்தனை ஸ்டாரு போடறது?”

“சோறு போடல. ஒண்ணு கொறச்சுக்குங்க.”

நாலு போட்டார்.

மே 25

பிரீத்திகா ஸ்டேட்டஸில் டெண்ட் படம். அப்பா உள்ளே படுத்திருக்கிறார், பின்னால் அந்த வீடு. படத்தை எங்களிடம் கேட்டு வாங்கியதே அவள்தான். அவள் மாமியார் அதற்கு ஒரு கைகூப்பு அனுப்பியிருக்கிறாராம்.

ஜூன் 8

வாசலில் சத்தம். கதிர் ஆம்னியின் பின்சீட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். அடுப்பு, பாத்திரம் எல்லாம் டிரைவர் சீட்டின் முதுகுவரைக்கும் அடுக்கப் போகிறாராம், இனி அந்தச் சீட்டைச் சாய்க்க முடியாது.

“அப்ப நீங்க எங்க படுப்பீங்க?”

“ஏன், டெண்டு இல்லியா?”

அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடினேன். பால் ஒன்றும் பொங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 30, திங்கள்

மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். இனி எனக்கு எதற்குக் கடிகாரம்? வார்டிலேயே மாட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 9, புதன்

பவானிசாகர் பக்கம் ஒரு வாழைத் தோட்டம். தோட்டக்கார அம்மா ராசாத்தாள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து எழுதச் சொன்னார். பேர், ஊர், போன் நம்பர் எல்லாம் கதிர் எழுதினார். ‘கிளம்பும் நாள்’ என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

“அதையும் போட்டுருங்க. வேற ஆராச்சும் எடம் கேட்டா நான் சொல்லோணுமில்லீங்க?”

“எங்கப்பன் பண்ணாடி போகச் சொன்ன நாளுக்குப் போனானுங்க,” என்றார் கதிர். “எனக்குத் தோணறப்ப நான் சொல்றேனே.”

அந்த அம்மா அவரை ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்தார். நோட்டை மூடி இடுக்கிக்கொண்டார்.

“அப்ப நாளைக்குப் பால் எத்தனை ஊத்தட்டுமுங்க?”

“அரை லிட்டருங்க,” என்றேன். “நாளான்னைக்கும் ஊத்துங்க.”