மடித் தண்ணீர்

மயிலாப்பூர்,
ஞாயிறு

சௌபாக்கியவதி சாருலதாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இவ்விடம் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. உனக்கு வாந்தி நின்றுவிட்டது என்று கேட்டதில் மட்டும் ஒரு நிம்மதி. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்வார். அதனால்தான் இந்தக் காலத்திலும் கடிதம்.

சீமந்தம் ஆனதும் உன்னைப் பிரசவத்துக்கு அழைத்து வருவதாகப் பேச்சு. மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, தொட்டிலுக்குக் கொக்கிகூட மாட்டியாயிற்று. ஆனால் நீ வராதே. பெற்றவள் எழுதுகிற வார்த்தையா இது என்று கோபம் வரும். முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் சரண்யாவை நீ பார்த்திருக்கிறாய். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், புருஷனுக்கு தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை. எட்டாம் மாசத்தில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அவள் பிழைத்தாள், குழந்தை தங்கவில்லை. சாக்கடை கலந்த தண்ணீரால் வருவது, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ரொம்ப ஆபத்து என்றாராம் டாக்டர். அவளோ கேன் தண்ணீர் தவிர வேறு தொடமாட்டாள். உன் அப்பா தினமும் காலையில் கூப்பிட்டுக் கொடுத்த பெருமாள் தீர்த்தம் ஒன்றுதான்.

அந்தத் தீர்த்தத்துக்கு அவர் இறைக்கிற நம் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். சாக்கடையேதான். சுற்றிலும் அடுக்குமாடிக்காரர்கள் போர் போட்டு உறிஞ்சுகிறார்கள். தெருவில் விரிசல் விட்ட பழைய கழிவுக்குழாயிலிருந்து கசிவதெல்லாம் நம் கிணற்றில் வந்து இறங்குகிறது. பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கிறது, ஒரு நாற்றமும் இல்லை.

உன் அப்பா ரிப்போர்ட்டைப் படித்தார். இனிமேல் பூஜைக்குக் குழாய்த் தண்ணீரை எடுங்கள் என்றேன். மெட்ரோ தண்ணி கண்ட குழாயிலயும் பட்டுண்டு வரது, அது மடியில்லை, பெருமாளுக்கு ஆகாது என்கிறார். துளசி போட்டப்புறம் இதுல என்னடி தோஷம், சின்ன வயசுலேர்ந்து நான் குடிச்சுண்டுதானே இருக்கேன் என்கிறார். பாங்கில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கிய மனுஷர்! மலம் கலந்த தண்ணீருக்கு மடி பார்க்கிறார். எனக்கு இப்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சரண்யா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். மாமா குடுத்த தீர்த்தத்த ஒரு நாளும் விடலையே மாமி, பெறகு பெருமாள் ஏன் இப்படிப் பண்ணிட்டாரு என்று கேட்டாள். பாத்திரத்தை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

புனேயிலேயே பிரசவம் பார்த்துக்கொள். டாக்டர் பிரயாணம் கூடாது என்றதாக அப்பாவிடம் நீயே சொல். நான் அங்கே வந்துவிடுகிறேன். சம்பந்தி மாமி முகம் சுளித்தாலும் பொறுத்துக்கொள்கிறேன்.

இதைக் கொண்டுவரும் உன் அத்தை பிள்ளை குருபிரசாத்திடம் உன் அப்பாவும் ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறார். உனக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு அதே கிணற்றுத் தண்ணீரில் பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்த தீர்த்தம், வெள்ளிச் சொம்பில் மூடி மெழுகு வைத்து அடைத்திருக்கிறது. கொடுக்கும்போது அழுதேவிட்டார். அவருக்குப் பாசம் இல்லாமல் இல்லை, சாரு. தீர்த்தத்தை அப்படியே கொட்டிவிடு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. பிறகு, குடித்துவிட்டேன் அப்பா என்று அவருக்கு ஒரு போன் பண்ணிவிடு.

நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நன்றாக இருங்கள்.

உன் அம்மா,
ஜானு