மஞ்சள் விளக்கு எரிகிற ஜப்பான் வண்டி

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. அனிக்கு மதியத்துக்குப் புளிக்கறி, ஒரு முட்டை.

கார் ஸ்டார்ட் செய்ததும் மீட்டர் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு. ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற படம், நெஞ்சுக்கு முன்னால் ஒரு பந்து. எப்போதும் எரிந்து உடனே அணைவது. இன்று அணையவில்லை. கொட்டாரத்திலிருந்து நாகர்கோவில் வரை அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். சுசீந்திரத்தில் பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அனி முன்சீட்டில் கெமிஸ்ட்ரி புத்தகத்தோடு, "அம்மா, நீங்க ரோட்ட பாருங்க, விளக்க நான் பாக்கேன்" என்றாள். ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு இருக்கிற நிதானம் எனக்கு இல்லை.

ஓட்டப் பழகி ஒன்றரை வருடம்தான். நாற்பத்தாறு வயதில் பழகியது. இன்றைக்கும் சாவியைத் திருப்பும்போது ஒரு பயம். இதில் இந்தச் சனியன் விளக்கு வேறு.

வாங்க: மல்லி, டெட்டால், ரெக்கார்ட் நோட்டு. மெக்கானிக்கைப் பார்க்க.

ஜூலை 4, வெள்ளி

ஜங்ஷன் மெக்கானிக். ஏர்பேக் விளக்காம். மோதினால் ஸ்டியரிங்குக்குள்ளிருந்து வெடித்து வருகிற பை. வண்டி ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, கண்ணை உறுத்தினால் பல்பைக் கழற்றி விடலாம் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். வீடு வரும்வரை அந்த 'வெடித்து'. நெஞ்சுக்கு நேராக ஒரு வெடியை வைத்துக்கொண்டு இத்தனை நாள் காய்கறி வாங்கப் போயிருக்கிறேன்.

மஸ்கட்டில் வேலை பார்க்கிற அனி அப்பாவுக்குப் போன். விளக்கு விஷயம் சொன்னதும் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். பிறகு, "சவத்த விடு. ஜப்பான்காரனுக்க வண்டி, ஒண்ணும் ஆவாது. நீ பேடிக்காம ஓட்டு" என்றார்.

பேடிக்காதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் கூடும். இருபது வருடமாகக் கூட இருக்கிறவருக்கு இது தெரியாதா?

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அதே கம்பெனி வண்டி வைத்திருக்கிறவர்களைத் தேடித் தேடி விசாரித்தேன். அனி வெட்கப்பட்டுக் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

1. பாடகர் குழு ராஜன் சார்: "கொள்ளாம். மைலேஜ் கொள்ளாம், ஏசி கொள்ளாம்." எல்லாமே நன்றாக இருக்கிறதாம், விளக்கு எரியுமா என்றால் மட்டும் பேச்சு மழைக்குப் போகிறது. பிறகு தெரிந்தது, வண்டியை விற்கப் பார்க்கிறார்.
2. முட்டம் மேரி டீச்சர்: உப்புக் காற்றில் கதவுக்கு அடியில் துரு. மற்றபடி தங்கம்.
3. ஆஸ்பத்திரி கிளார்க்: எட்டு வருடமாக ஒரு செலவு இல்லை. இன்ஜினை அவர் பெற்ற பிள்ளை போலப் பேசுகிறார்.
4. எதிர்வீட்டு தங்கராஜ் அண்ணன் (அய்யாவழி பக்தர், சாயங்காலம் மதில் பக்கம் நின்று கேட்டது): அவருக்கும் அந்த விளக்கு எரிகிறதாம், இரண்டு வருடமாக. அதன் மேல் ஒரு சின்ன நாமம் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். இப்போது எரிவது தெரிவதில்லை. அய்யா பார்த்துக்கொள்வார்.

எங்கள் வண்டியிலும் வசன ஸ்டிக்கர் உண்டு. வாங்கிய அன்று போதகர் பானெட்டில் கை வைத்து ஜெபித்தார். அவரும் விளக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். இன்று குறை சொன்னால் நாளைக்கு விற்க முடியாது. வாங்குகிறவன் சொந்தக்காரனாகவோ சபைக்காரனாகவோதான் இருப்பான், சொன்னதை ஞாபகம் வைத்திருப்பான்.

ஜூலை 7, திங்கள்

கல்லூரி நூலகத்தில் கூட்டம் இல்லை. வந்த புத்தகங்களை அலமாரியில் சேர்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டரில் கம்பெனியின் கதையைப் படித்தேன்.

முதலில் நெல் குத்தும் மெஷின் செய்தவர்களாம். அப்பாவும் இரண்டு மகன்களும். போர் வந்து பட்டறை எரிந்துபோனது. அதன் பிறகு மூன்று சக்கர சாமான் வண்டி, அப்புறம் சின்னக் கார். ஜப்பானிலும் நம் ஊர் மாதிரி ஒடுக்கமான ரோடுதான் போலிருக்கிறது. தொழிற்சாலையில் எந்தக் கடைசி ஆளும் ஒரு தப்பைக் கண்டால் மணி அடிக்கலாம். எல்லா வேலையும் நிற்கும். மணி அடித்தவனை ஒருவரும் திட்டக் கூடாது. படிக்க நன்றாக இருந்தது. நெல் குத்தியவர்கள் என்றதும் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

கடைசிப் பக்கத்தில் ஒரு போட்டோ. கறுப்பு கோட்டு போட்ட பெரிய ஆட்கள் வரிசையாக இடுப்பு வரை குனிந்து நிற்கிறார்கள். ஏர்பேக்குக்காக மன்னிப்பு. வந்த தைரியம் போய்விட்டது. அவ்வளவு பெரியவர்கள் அந்த அளவுக்குக் குனிய வேண்டுமென்றால் என்ன நடந்திருக்கும்?

கீழே வெளிநாட்டு ஓனர்கள் எழுதியிருந்தது. ஒருவர்: இதைப் போல வண்டி உண்டா. இன்னொருவர்: மூன்று லட்சம் கி.மீ. ஓடிவிட்டது. மூன்றாவது ஒரு பெண், இரண்டே வரி. சின்ன மோதல்தான், பை வெடித்தபோது கூடவே இரும்புத் துண்டும் வந்தது, இப்போது ஒரு கண்ணால் எழுதுகிறேன் என்று.

பெஞ்சில் கொஞ்ச நேரம் தலை சாய்த்துக்கொண்டேன். பியூன் வந்து டீ வேணுமா என்றார்.

திரும்பும்போது அனியைப் பின்சீட்டில் உட்காரச் சொன்னேன். ஏன் ஏன் என்று சுசீந்திரம் வரை கேட்டாள். சொல்லவில்லை. முப்பதுக்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு ஆட்டோவும் என் மேல் மோதத்தான் வருகிறது.

ஜூலை 9, புதன்

நேற்றும் இன்றும் பஸ். கார் ஷெட்டில். அனிக்கு ட்யூஷன் லேட். முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

கம்பெனி வெப்சைட்டில் சேஸிஸ் நம்பரைப் போட்டேன். இந்த வண்டிக்கு ஒரு பாகம் மாற்ற வேண்டியிருக்கிறது, உரிமையாளருக்குத் தபால் அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. நம்பரைத் தப்பாகப் போட்டேனோ என்று திரும்பவும் போட்டேன். அதே பதில்.

போன் செய்தால், எந்தப் பாகம் என்பதை உரிமையாளரிடம்தான் சொல்வார்களாம். ஆர்.சி. புத்தகத்தில் நான் உரிமையாளர் இல்லை. அனி அப்பாவும் இல்லை. தக்கலைக்குப் பக்கம் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். அவரிடம் வாங்கியது அனி அப்பாவின் சித்தப்பா மகன் டென்சிங். டென்சிங்கிடம் வாங்கியது நாங்கள். இரண்டு கை மாறியும் ஒருவரும் பெயர் மாற்றவில்லை. மாற்றினால் 'மூன்றாவது ஓனர்' ஆகிவிடும், விற்கும்போது விலை நிற்காது. அன்றைக்கு இதைப் பெரிய சாமர்த்தியமாக நினைத்தோம். நானும்தான்.

எங்களுக்கு வர வேண்டிய தபால் வேறொரு வீட்டுக்குப் போயிருக்கிறது.

ஜூலை 12, சனி

தக்கலைக்கு பஸ். மழை. குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

வாத்தியார் வீடு பத்மநாபபுரம் கோட்டைச் சுவரை ஒட்டி. நல்ல மனுஷர். மூன்று தபால் வந்ததாம். முதலாவதைப் பிரித்துப் படித்து டென்சிங்கைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார். அடுத்த இரண்டையும் பிரிக்கவே இல்லை. "வித்த வண்டி, இன்னும் என் பேர்ல இருக்கு. எவனையாவது இடிச்சுப் போட்டு எனக்கு நோட்டீஸ் வருதோன்னு பேடி மோளே" என்றார். பழைய பேப்பர் கட்டுக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்தார்.

அங்கேயே நின்று பிரித்தேன். இங்கிலீஷ். வெயிலும் ஈரமும் அதிகமுள்ள இடங்களில் பையை ஊத வைக்கிற பாகம் கெட்டு, வெடிக்கும்போது இரும்புத் துண்டு தெறிக்கலாம். உயிருக்கு ஆபத்து. மாற்றும்வரை ஓட்ட வேண்டாம். இலவசம். ஓட்டுநர் பக்கம் மட்டும்.

ஓட்டுநர் பக்கம் மட்டும் என்பதை மூன்று தரம் படித்தேன். அனி இல்லை. அனி உட்கார்ந்த பக்கம் இல்லை. வாத்தியாரம்மா தந்த காப்பியைக் குடிக்கும்போதுதான் அழுகை வந்தது. என்ன நினைத்தார்களோ.

கம்பெனிக்காரர்களிடம் பேச வேண்டுமென்றால் எப்போது வேண்டுமானாலும் தான் வருவதாக வாத்தியார் சொன்னார். அப்படியே டென்சிங் கடைக்குப் போனேன். நல்லாக் கேட்கணும் என்றுதான் போனேன். லெட்டரைக் காட்டினதும் அவன் முகம் மாறவில்லை. "மைனி, எனக்க மேல குத்தம் இல்ல கேட்டியளா. அண்ணனுக்கு அப்பளே போட்டோ அனுப்பியாச்சே" என்றான்.

நம்பவில்லை. போனைத் திறந்து காட்டினான். போன நவம்பர். லெட்டரின் போட்டோ. கீழே அனி அப்பாவின் பதில்.

"பாத்தேன். அவகிட்ட சொல்லாண்டாம். சொன்னா அவ பிறகு வண்டியத் தொட மாட்டா."

டென்சிங் டீ சொல்லட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். எந்த பஸ்ஸில் வந்தேன் என்பது ஞாபகம் இல்லை. நனைந்து வந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. தலைவலி என்று அனியிடம் சொன்னேன். பொய் இல்லை.

எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்று எழுதுகிறேன்.

வண்டி வாங்கிய லீவில், முந்தின வருடம் ஜனவரி. ஒரு மாதமும் அவர் சாவியை என் கையில் தரவில்லை. ரேஷன் கடைக்கும் காரில்தான் போவார். சின்னப் பிள்ளைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி.

போன கிறிஸ்துமஸ் லீவு. அதாவது நவம்பருக்குப் பிறகு. ஒரு நாள்கூட ஸ்டியரிங்கைத் தொடவில்லை. "அங்க எல்லாம் எடது பக்கம் இருந்து ஓட்டி எனக்குக் கை மாறிப் போச்சு. நீயே ஓட்டு" என்றார். முட்டத்துக்கு நான்தான் ஓட்டினேன். அவர் தங்கச்சி வீட்டுக்கு, துணிக்கடைக்கு, வாட்ச் நைட் ஆராதனைக்கு, எல்லாம் நான். பக்கத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டு வருவார். எனக்க பொண்டாட்டிக்க டிரைவிங்கப் பாத்தியளா என்று எல்லாரிடமும் பெருமை. நானும் பூரித்துப்போனேன். ஒரு பெண்ணை இவ்வளவு நம்புகிற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று அப்போது இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். இப்போது திருப்பிப் பார்த்தேன். டிசம்பர் 27.

உண்மையிலேயே கை மாறியிருக்கலாம். முந்தின ஜனவரியில் மாறாத கை.

லெட்டரைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டார் என்று நினைக்கப் பார்க்கிறேன். மறந்திருப்பார். ஜப்பான்காரனுக்க வண்டி. அப்படியென்றால் போனில் ஏன் அந்த மௌனம்?

விளக்கைப் பார்த்துப் பயந்தேன், ஆட்டோவைப் பார்த்துப் பயந்தேன். அதெல்லாம் ஒரு பயமா?

ஜூலை 14, திங்கள்

லீவு போட்டேன். வாத்தியார் சொன்னபடியே சர்வீஸ் சென்டருக்குப் போனில் பேசி, பஸ் ஏறி நேரிலும் வந்து கையெழுத்துப் போட்டார். அந்த வயதில். ஓட்டிக்கொண்டு வரக் கூடாது என்று அவர்களே வண்டி அனுப்பி ஏற்றிப் போனார்கள். கார் முன்சக்கரம் தூக்கிப் போவதைத் தங்கராஜ் அண்ணன் மதிலுக்கு மேல் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய நம்பரையும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஸ்டிக்கர் ஒட்டியாச்சே என்றார். விடவில்லை, நம்பரை நானே எழுதி வாங்கினேன். அவருக்கும் மாற்ற வேண்டுமாம். நாளை கூட்டிப் போக வேண்டும்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பழைய பாகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தூரத்திலிருந்து காட்டினார்கள். சின்ன டப்பா, ஷூ பாலிஷ் டப்பா அளவு.

மஞ்சள் விளக்கு எரிந்தது வேறு காரணமாம். சீட்டுக்கு அடியில் ஒரு வயர் இளகியிருந்தது, சொருகினதும் அணைந்துவிட்டது. அப்படியானால் இந்த டப்பா கெட்டதற்கு எந்த விளக்கு எரியும் என்று கேட்டேன். எதுவும் எரியாது மேடம் என்றான் அந்தப் பையன்.

திரும்ப நானே ஓட்டி வந்தேன். பயம் இல்லை. அது எப்போது போனது என்று தெரியவில்லை.

அனியிடம் அப்பா விஷயம் சொல்லவில்லை. அவரிடம் மாற்றியதைச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று வாத்தியாரைக் கேட்டுக்கொண்டேன். டென்சிங்கிடமும், நான் வந்ததையே அண்ணனிடம் சொல்லாதே என்றேன். அவனுக்கு இப்படிச் சொல்லிக் கேட்டுப் பழக்கம்தான்.

ஜூலை 16, புதன்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

போன் வந்தது. லீவு கிடைத்துவிட்டதாம். 25 வெள்ளி காலை, திருவனந்தபுரம் ஏர்போர்ட். நீ காரைக் கொண்டு வாறியா, டாக்சி சொல்லட்டுமா என்றார். கொண்டு வாறேன் என்றேன்.

"அந்த விளக்கு இப்பளும் எரியுதா?"

"எரியுது."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. லைன் போகவில்லை என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும்.

"அத நோக்காண்டாம். பையப் பைய ஓட்டிட்டு வா."

அனிக்கு அன்று ஸ்கூல் உண்டு, தனியாகத்தான் போக வேண்டும். களியக்காவிளை வழி. வெளியே வந்ததும் சாவியை அவர் கையில் கொடுப்பேன். விடியற்காலையே எழுந்தது, களைப்பாக இருக்கிறது, நீங்க ஓட்டுங்க என்பேன். வாங்கிக்கொண்டு அந்த சீட்டில் உட்கார்ந்தால் போதும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், மாற்றியாச்சு, ஒன்றும் ஆகாது என்று. பிறகு சண்டை போடுவேன், அழுவேன், அது வேறு.

வாங்காவிட்டால்?

ஒன்பது நாள் இருக்கிறது. டிக்கியைச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு பெட்டி கொண்டு வருகிறாராம்.